எம்.பி.எல்.எஸ். வலையமைப்பில் முன்னுரிமைக் குறி பேணல்

எம்.பி.எல்.எஸ். வலையமைப்பில் முன்னுரிமைக் குறி பேணல் என்பது, ஐ.பி. பொதி ஒன்று சிட்டைகளைக் கொண்டு பொதிகளை அனுப்பும் வலையமைப்பினுள் நுழையும்போது, அப்பொதியின் முன்னுரிமைக் குறியைச் சிட்டையிலும் பதித்து, வெளியேறும்வரை அதற்குரிய கவனிப்பு கிடைக்கச் செய்யும் முறையாகும். தொலைபேசிக் குரல், நேரடி நிகழ்படம் போன்ற, தாமதத்தைத் தாங்காத போக்குவரத்துக்கு இது இன்றியமையாதது.

தேவை

ஐ.பி. நான்காம் பதிப்பின் தலைப்பகுதியில் சேவை வகையைக் குறிக்க 8 பிட் புலம் ஒன்று உண்டு. 1981 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 791, அதன் முதல் 3 பிட்களை முன்னுரிமைக்கு ஒதுக்கியது. 1998 இல் ஆர்.எஃப்.சி. 2474, முதல் 6 பிட்களை டி.எஸ்.சி.பி. என்னும் குறியாக மறுவரையறை செய்தது. இதனால் 64 மதிப்புகளைக் குறிக்க இயலும்.

எம்.பி.எல்.எஸ். வலையமைப்பின் நடுவிலுள்ள திசைவிகள் (ரவுட்டர்கள்) பொதியை அனுப்ப மேற்சிட்டையை மட்டுமே பார்க்கின்றன. உள்ளே இருக்கும் ஐ.பி. தலைப்பகுதியைப் பார்ப்பதில்லை. சிட்டையில் குறி இல்லையெனில் குரல் பொதிக்கும் கோப்புப் பதிவிறக்கப் பொதிக்கும் அவை வேறுபாடு காண இயலாது. நெரிசலின்போது இரண்டும் ஒரே வரிசையில் காத்திருக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகள் பாதிக்கப்படுவதில்லை என்று ஐ.டி.யு. அமைப்பின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. தாமதம் அதனினும் மிகுந்தால் உரையாடுவோர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட நேரும்.

சிட்டையின் அமைப்பு

ஆர்.எஃப்.சி. 3032 (2001) வரையறுத்த சிட்டைப் பதிவு 32 பிட்களைக் கொண்டது:

- சிட்டை மதிப்பு: 20 பிட்கள்
- போக்குவரத்து வகுப்பு: 3 பிட்கள்
- அடுக்கின் அடிச்சிட்டை என்பதற்கான அடையாளம்: 1 பிட்
- வாழ்நாள் எண்ணிக்கை: 8 பிட்கள்

இவற்றுள் 3 பிட் புலம் முதலில் "சோதனைப் பயன்பாடு" எனப் பெயர் பெற்றிருந்தது. 2009 இல் ஆர்.எஃப்.சி. 5462 அதனைப் "போக்குவரத்து வகுப்பு" எனப் பெயர் மாற்றியது.

ஆறிலிருந்து மூன்று

6 பிட் குறியை 3 பிட் புலத்தில் முழுமையாக அடக்க இயலாது. ஆகவே முதல் 3 பிட்களை மட்டும் படியெடுப்பது பரவலான வழக்கம். குரலுக்குரிய குறியான 46, இரும எண்ணில் 101110 ஆகும். சிட்டையில் இது 101, அதாவது 5 ஆகிறது. ஆயின் 26, 28, 30 ஆகிய மூன்றும் 3 ஆகிவிடுகின்றன. நெரிசலில் எதனை முதலில் கைவிடலாம் என்று அவை காட்டிய வேறுபாடு சிட்டையில் தெரியாது. இவ்வேறுபாடு தேவைப்படின், வகுப்பைச் சிட்டை மதிப்பாலும், கைவிடும் தரத்தை 3 பிட்களாலும் உணர்த்தும் தனிப்பாதைகளை அமைக்க ஆர்.எஃப்.சி. 3270 (2002) வழிசெய்கிறது.

மூன்று மாதிரிகள்

ஐ.பி. தலைப்பகுதி சிட்டையின் கீழ் அப்படியே பயணிப்பதால், மூலக் குறி தானாக அழிவதில்லை. வெளியேறும் இடத்தில் எக்குறியைக் கொள்வது என்பதற்கு அதே ஆர்.எஃப்.சி. 3270 மூன்று மாதிரிகளைத் தருகிறது.

- சீர் மாதிரி: சிட்டையின் குறி ஐ.பி. தலைப்பகுதிக்கும் மாற்றப்படும். வலையமைப்பினுள் குறி மாறியிருந்தால் அம்மாற்றம் வெளியேயும் தொடரும்.
- குழாய் மாதிரி: ஐ.பி. குறி தொடப்படுவதில்லை. கடைசித் திசைவி சிட்டையின் குறியைக் கொண்டே பொதியை வரிசைப்படுத்தும்.
- குறுங்குழாய் மாதிரி: ஐ.பி. குறி தொடப்படுவதில்லை. கடைசித் திசைவி அந்த ஐ.பி. குறியைக் கொண்டே வரிசைப்படுத்தும்.

ஈற்றயல் திசைவியின் சிக்கல்

பாதையின் ஈற்றயல் திசைவியே சிட்டையை அகற்றிவிடுவது வழக்கம். பொதியில் ஒரே சிட்டை இருந்தால், அதன் குறி கடைசித் திசைவியை அடையாது. குழாய் மாதிரி செயற்படாது. இதற்குத் தீர்வாக, 0 என்னும் மதிப்புடைய வெளிப்படை வெற்றுச் சிட்டையை விட்டுவைக்குமாறு கடைசித் திசைவி கேட்கலாம். அச்சிட்டை குறியை மட்டும் சுமந்து வரும்.

நம்பகத்தன்மை

பயனர் இட்ட குறியை அப்படியே ஏற்பது எப்போதும் பொருந்தாது. எல்லாப் பொதிகளும் உயர் முன்னுரிமை கோரினால் முன்னுரிமைக்கே பொருளிராது. எனவே நுழைவிலுள்ள விளிம்புத் திசைவி, ஒப்பந்த அளவை மீறிய பொதிகளைக் கைவிடலாம் அல்லது சிட்டையில் தாழ்ந்த குறியை இடலாம். குழாய் மாதிரிகளில், இவ்வாறு தாழ்த்தப்பட்ட பொதியும் பயனரின் மூலக் குறியுடனேயே வெளியேறும்.