காணி திரும்பி வந்தது, கமத்தொழில் அறிவு? விவசாயப் பாடசாலையில் என்ன படிக்கலாம்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலங்களில் பெற்றோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிள்ளைக்கு கம்பஸ் கிடைக்கேல்லை. விவசாயம் படிக்கலாம் எண்டு சொல்லுகினம். தோட்டம் கொத்துறதுக்கும் ஒரு படிப்போ?" விவசாயப் பாடசாலை ஒன்றில் படித்து, பின்னர் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தகப்பன்மாரின் காலத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த 1970களில் மிளகாயும் வெங்காயமும் செய்து கல்வீடு கட்டிய யாழ்ப்பாணத்துக் கமக்காரர் எவரும் டிப்ளோமா முடித்தவர்கள் அல்லர். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் தோட்டத்திலேயே இருந்தது. தகப்பன் இறைக்க, மகன் பாத்தியில் நின்று தண்ணீர் மாறினான். எந்த மண்ணுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர், எந்த மாதத்தில் எந்த நாற்று என்பதெல்லாம் அப்படித்தான் கைமாறி வந்தன.

அந்தக் கைமாற்றத்தைத்தான் போர் அறுத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது 10 வயதாக இருந்த ஒருவர், காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது 35 வயதைத் தாண்டியிருந்தார். இடையில் நலன்புரி முகாமிலும் வாடகை வீட்டிலும் கூலி வேலையிலும் காலம் போயிற்று. வன்னியில் 2009இல் விதைநெல், மாடு, உழவு இயந்திரம், கிணற்று மோட்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெனிக் பாம் முகாமுக்குள் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். பல குடும்பங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டிய தகப்பனே இல்லை. காணி திரும்பக் கிடைத்த இடங்களிலும் அதை நடத்தும் அறிவு பாதியில் நிற்கிறது. விவசாயப் படிப்பை நான் முதலில் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். தொழில் தேடுவது அதற்கு அடுத்தது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் இதைக் கேட்டால் "கொமியூனிற்றி கொலிச் மாதிரியோ?" என்பார்கள். பெயர் வேறானாலும் வேலை ஏறக்குறைய அதுதான். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, செய்முறையை முன்வைத்து, ஒரு குறுகிய காலத்தில் தொழிலைக் கற்பிக்கும் இடம். இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் விவசாயப் பாடசாலைகள் அந்த இடத்தில் இருக்கின்றன. வடக்கில் உள்ளவர்களுக்கு நன்கு தெரிந்தது வவுனியா தாண்டிக்குளத்தில் இருக்கும் பாடசாலை. விவசாய உற்பத்தித் தொழினுட்ப டிப்ளோமா தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்துக்குள், அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்லும் அமைப்புக்குள் வருகிறது. அந்த அமைப்பில் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். ஆகவே இங்கு தொடங்குகிறவருக்கு மேலே போகும் கதவு மூடியிருப்பதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழினுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்தப் பாதையில் வருகிறவர்களுக்காகவே அமைந்தது.

2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை வந்த பிறகு, உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு அந்நியமாக இராது. பல்கலைக்கழகத்துக்கே போக முடிந்தவர்களுக்கு, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அந்தப் பீடமும் போரால் இடம்பெயர்ந்து பின்னர் கிளிநொச்சிக்குத் திரும்பியதுதான்.

சரி, உள்ளே என்ன படிக்கிறார்கள்? பெற்றோர் எதிர்பார்ப்பது ட்ரோன், பொலித்தீன் கூடாரம், மண்ணில்லாப் பயிர்ச்செய்கை. அவையும் உண்டு. ஆனால் என் கணிப்பில் இந்தப் படிப்பின் உயிர்நாடி அளத்தல். எங்கள் ஊரைப் பொறுத்தவரை, தண்ணீரை அளத்தல்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் இறங்கி, கடல் நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரை விட அடர்த்தி குறைந்தது என்பதால் அது மேலே நிற்கிறது. அந்த அடர்த்தி வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் வருவது இது: கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். இறைத்து இறைத்து மேல்மட்டம் நிரந்தரமாக 1 அடி இறங்கினால், காலப்போக்கில் உவர்நீர் கீழேயிருந்து 40 அடி ஏறி வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இதற்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது. மண்ணெண்ணெய் மெசின் வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போனது. கிணறு உவராகிவிட்டது என்று கவலைப்படும் வீட்டில் ஒரு பிள்ளைக்காவது இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உவர்த்தன்மையை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. வகுப்பில் அதற்கு மின்கடத்துதிறன் மானியைப் பயன்படுத்தக் கற்பிப்பார்கள். கையில் பிடிக்கும் சிறிய கருவி, அளவு டெசிசீமன்ஸ்/மீற்றர். வேர் நிற்கும் மண்ணின் கரைசலில் இந்த அளவு 1ஐத் தாண்டும்போதே போஞ்சியும் கரட்டும் விளைச்சலில் இறங்கத் தொடங்கும். வெங்காயம் 1.2 வரை, மிளகாய் 1.5 வரை, தக்காளி 2.5 வரை, நெல் 3 வரை தாங்கும். பீற்றூட் 4 வரை போகும். இந்த வரிசை மனதில் இருந்தால், சற்று உவரான காணியில் போஞ்சி போட்டுக் கடன்பட வேண்டியதில்லை, பீற்றூட் போடலாம். பழைய கமக்காரருக்கும் இது தெரியும், ஆனால் பல வருடம் நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டது. இப்போது திரும்பி வந்தவருக்கு நட்டப்பட அவ்வளவு வருடமும் இல்லை, காசும் இல்லை.

அடுத்தது பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது. எங்கள் பரப்புக் கணக்கிலேயே சொல்கிறேன். 1 பரப்பு 10 பேர்ச், சுமார் 253 சதுர மீற்றர். அதன் மேல் 1 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 253 லீற்றர். வெயில் காலத்தில் ஒரு நாளைக்குப் பயிரும் மண்ணும் சேர்ந்து 5 மில்லிமீற்றர் இழப்பதாக வைத்தால், பரப்புக்கு 1,265 லீற்றர் வேண்டும். வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டிப் பாய்ச்சும்போது, இறைத்ததில் 60 வீதம் அளவே பயிருக்குப் போய்ச் சேர்வதாக எடுத்துக்கொள்வது வழக்கம். எனவே 2,100 லீற்றருக்கு மேல் இறைக்க வேண்டும். சொட்டு நீர்ப்பாசனத்தில் 90 வீதம் போய்ச் சேரும் என்றால் 1,400 லீற்றர் போதும். 10 பரப்புத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 7,000 லீற்றர் மிச்சம். மண்ணெண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் விலை ஏறிய பிறகு இதை எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் குழாய்களை வாங்கிப் போட்டுவிட்டால் சொட்டு நீர்ப்பாசனம் வந்துவிடாது. திட்டங்கள் மூலம் இலவசமாகக் கிடைத்த சொட்டுக் குழாய்கள் இரண்டாம் வருடமே சுருட்டி வேலியில் போடப்பட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காரணம் எங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. அது துளைகளில் படிந்து அடைத்துவிடும். வடிகட்டியைக் கழுவுவது, குழாயின் முனையைத் திறந்து அடிக்கடி கழுவி விடுவது, மென்மையான அமிலக் கரைசலை அளவோடு ஓட்டிச் சுண்ணாம்பைக் கரைப்பது இவையெல்லாம் ஒருவர் கையால் செய்து பழக வேண்டியவை. குழாய் கொடுத்தவர்கள் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனை நிமிடம் திறந்து விடுவது என்பதும் கணக்குத்தான். 16 மீற்றருக்கு 16 மீற்றர் காணியில் 1 மீற்றர் இடைவெளியில் குழாய் போட்டு, 30 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை, ஒவ்வொன்றும் மணிக்கு 2 லீற்றர் என்றால், மேலே சொன்ன 1,400 லீற்றரைக் கொடுக்க 50 நிமிடம் அளவில் போதும். படித்த பிள்ளை இதைக் கொப்பியில் நான்கு வரியில் போடும்.

உரத்திலும் இதே கதைதான். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்படும் வரை நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சேதனப் பசளை வேண்டுமா, வேண்டாமா என்று மேடைகளில் வாதாடினார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. கூட்டெருவில் நைதரசன் 1 வீதம் என்று வைத்தால், அந்த ஒரு மூடையின் இடத்தை நிரப்ப 2,300 கிலோ எரு வேண்டும். அதை எங்கிருந்து, எந்த மாட்டிலிருந்து, எந்த ட்ரக்டரில் ஏற்றுவது என்று கேட்டிருந்தால் பாதி வாதம் அன்றே முடிந்திருக்கும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வலிகாமத்தின் செம்மண்ணில் அளவுக்கு மீறிப் போட்ட யூரியா, குடிநீர்க் கிணறுகளில் நைத்திரேற்றாக இறங்கியிருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவை மட்டும், பிரித்துப் பிரித்துப் போடப் பழகியவருக்கு இரண்டு பக்கத்து ஆபத்தும் குறைவு.

பூச்சி நோய்ப் பாடத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2018இல் சோளத்தைத் தாக்கும் படைப்புழு இலங்கைக்குள் வந்தபோது, கண்ட புழுவையெல்லாம் படைப்புழு என்று நினைத்து மருந்தடித்தவர்கள் உண்டு. தலையில் தலைகீழான "வை" எழுத்துப் போன்ற கோடு, வாலுக்குச் சற்று முன்னே சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள். இதைப் பார்க்கத் தெரிந்தால் மருந்துச் செலவு மிச்சம்.

பொலித்தீன் கூடாரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் அதிகம். படம் எடுக்க அழகானது. எங்கள் வெயிலில் காற்றோட்டம் சரியாக வைக்காத கூடாரத்துக்குள் பகலில் பூ உதிர்ந்து போகும். நுவரெலியாவுக்குப் பொருந்தும் கூடாரத்தை அப்படியே கொண்டுவந்து நட்டால் நட்டம்தான். நாற்றுமேடைக்கு, வெண் ஈயைத் தடுக்க வலை கட்டிய சிறு கூடாரம் போட்டால் அது வேறு கதை; அதை நான் பரிந்துரைப்பேன்.

இந்தப் படிப்பு தராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காணி தராது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். பின்னுரித்தில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை தந்த அந்த ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. கணவனை இழந்து கமம் செய்யும் பெண், தன் பெயரில் பத்திரம் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றில் இறங்குவது நல்லது. சந்தை விலையையும் இந்தப் படிப்பு தராது. வெங்காயம் கிண்டும் மாதத்தில் இறக்குமதி வெங்காயம் இறங்கினால் டிப்ளோமாக்காரருக்கும் அதே விலைதான்.

காலை அல்லது கையை இழந்தவர்கள் என்னிடம் "எங்களால் முடியுமா" என்று கேட்டிருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்து வாய்க்கால் மாற வேண்டிய தோட்டத்தில் கடினம்தான். ஆனால் வால்வைத் திறந்து மூடும் சொட்டு நீர்ப்பாசனத்திலும், இடுப்பளவு உயர மேசையில் நாற்றுத்தட்டு வைத்து நாற்று உற்பத்தி செய்வதிலும், விதைநெல் சுத்திகரிப்பிலும் அவர்களுக்கு இடமுண்டு. அதிலும் நாற்று உற்பத்தி குறைந்த காணியில் செய்யக்கூடியது.

இடம்பெயர்வால் சாதாரணதரமே எழுதாதவர்கள் பலர். அவர்களுக்கு என்.வி.கியூ. அமைப்பில் முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், ஏற்கனவே செய்துவரும் தொழிலை மதிப்பீட்டாளர் ஒருவர் முன் செய்துகாட்டி, அதற்கான ஆதாரங்களைக் கொடுத்துச் சான்றிதழ் பெறலாம். வருடக்கணக்காக நாற்று மேடை நடத்தியவருக்கும் உழவு இயந்திரம் ஓட்டித் திருத்தியவருக்கும் இது பொருந்தும். இதை அறியாமலே இருப்பவர்கள்தான் அதிகம்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வர்த்தமானி அறிவித்தலையும் விவசாயத் திணைக்களத்தின் அறிவித்தலையும் பார்க்க வேண்டும். தகைமைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். மொழிமூலம் எது என்பதை அறிவித்தலிலேயே சரிபாருங்கள். தனியார் நிறுவனம் என்றால், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, குறித்த பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். நிறுவனம் பதிவாகியிருக்கும், பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. முடிந்தால் நேரில் போய்ச் செய்முறைத் தோட்டத்தைப் பாருங்கள். பயிர் நிற்கிறதா, மாணவர்கள் கையில் மண் இருக்கிறதா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

போரில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் அதற்காகவே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். பரீட்சைப் பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து பெறலாம். பிறப்புப் பதிவையே தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. அதற்குக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் நாளெடுக்கும். விண்ணப்ப அறிவித்தல் வெளிவந்த பிறகு ஓடினால் முடிவுத் திகதி தாண்டிவிடும், ஆகவே இப்போதே தொடங்குங்கள்.