யோம் கிப்பூர்

யோம் கிப்பூர் யூத சமயத்தின் மிகப் புனிதமான நாளாகும். எபிரேய மொழியில் இதற்குப் பாவக்கழுவாய் நாள் என்று பொருள். யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் 10ஆம் நாளான இது செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் தொடங்கும் பத்து மனந்திரும்பல் நாட்கள் இதனுடன் நிறைவடைகின்றன.

வரலாறு

இந்நாள் பற்றிய விதிகள் விவிலியத்தின் லேவியர் நூலில் உள்ளன. எருசலேம் கோவில் இருந்த காலத்தில், தலைமைக் குரு ஆண்டில் இந்த ஒரு நாள் மட்டுமே அதன் கருவறைக்குள் நுழைவார். இரு ஆட்டுக்கடாக்களுள் ஒன்று பலியிடப்படும். மற்றொன்று மக்களின் பாவங்களைச் சுமப்பதாகக் கருதப்பட்டுப் பாலைநிலத்திற்கு அனுப்பப்படும். கி.பி. 70இல் உரோமையர் கோவிலை அழித்தபின் பலிகள் நின்றன. அவற்றின் இடத்தை வேண்டுதலும் மனந்திரும்பலும் பெற்றன.

நோன்பு

முதல் நாள் கதிரவன் மறையும் முன் தொடங்கும் நோன்பு மறுநாள் இரவு வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிக்கும். உண்ணலும் பருகலும், நீராடல், எண்ணெய் பூசல், தோல் காலணி அணிதல், தாம்பத்திய உறவு ஆகிய ஐந்தும் விலக்கப்பட்டவை. 13 வயது நிரம்பிய ஆண்களும் 12 வயது நிரம்பிய பெண்களும் நோன்பிருக்கக் கடமைப்பட்டவர்கள். எனினும், நோன்பினால் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நோயாளி உண்ணவே வேண்டும் என்பது யூதச் சட்டம்.

வழிபாடு

பலர் வெண்ணிற ஆடை அணிந்து தொழுகைக் கூடங்களுக்குச் செல்வர். மாலையில் கோல் நித்ரே எனும் அரமேய மொழி வாசகம் ஓதப்படும். பாவ அறிக்கை "நாங்கள்" என்று பன்மையில் அமைந்துள்ளது. ஒருவர் தாம் செய்யாத குற்றத்தையும் சமூகத்துடன் சேர்ந்து அறிக்கையிடுகிறார். மறுநாள் பிற்பகலில் யோனா நூல் வாசிக்கப்படும். நெயிலா எனும் இறுதி வழிபாட்டிற்குப் பின், சோபார் எனப்படும் கொம்பு ஊதப்பட்டு நாள் நிறைவுறும்.

மன்னிப்பு

இறைவனுக்கு எதிரான பாவங்களுக்கே இந்நாள் கழுவாய் ஆகும். பிறருக்கு இழைத்த தீங்கு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வரை நீங்காது என்று மிஷ்னா கூறுகிறது. ஆகவே நோன்பிற்கு முன்னரே உறவினரையும் அயலாரையும் அணுகி மன்னிப்புக் கேட்பது வழக்கம். பாதிக்கப்பட்டவர் மறுத்தால் மீண்டும் மீண்டும் சென்று வேண்ட வேண்டும் என்றும், அவர் இறந்திருப்பின் பத்துப் பேருடன் கல்லறைக்குச் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் வகுத்துள்ளார்.

இசுரேலில்

இந்நாளில் இசுரேலில் வானூர்தி நிலையங்கள் மூடப்படும். வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகள் நிறுத்தப்படும். வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டுவர். 1973 அக்டோபர் 6 அன்று, யோம் கிப்பூர் நாளில், எகிப்தும் சிரியாவும் தாக்குதல் தொடுத்தன. தொழுகைக் கூடங்களில் இருந்தவர்கள் அங்கிருந்தே படைப்பணிக்கு அழைக்கப்பட்டனர். அப்போர் யோம் கிப்பூர் போர் எனப்படுகிறது.