மாமாவும் மாமாக்கும்

தைப்பிங்கின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஈயத்தில் ஆரம்பித்து இருப்புப்பாதையில் முடித்துவிடுகிறார்கள். 1861 முதல் லாருட் சண்டைகள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் ஈய லம்பங்களுக்காக வெட்டி மடிந்தன. 1874-ல் பாங்கோர் ஒப்பந்தம், பிரிட்டிஷ் ரெசிடெண்ட், ஊருக்கு நிரந்தர சமாதானம் என்று பொருள்படும் சீனப் பெயர். 1885-ல் போர்ட் வெல்ட் துறைமுகம் வரை எட்டு மைல் ரயில், தீபகற்பத்திலேயே முதலாவது. எல்லாம் சரி. மண் வெட்டியவனும் தண்டவாளம் சுமந்தவனும் மத்தியானம் எதைத் தின்றான், யாரிடம் வாங்கினான் என்பது நான் படித்த பக்கங்களில் இல்லை.

எனக்குக் கிடைத்த ஆவணம் ஒரு தட்டு மீ கோரேங். மஞ்சள் மீ ஹொக்கியன் சீனருடையது, பெயர் உட்பட. தவ்ஹூவும் அவர்களிடமிருந்து. கோரேங் மலாய்ச் சொல். அரைத்த மிளகாயையும் வெந்த உருளைக்கிழங்கையும் சட்டியில் போட்டுக் கிளறியவர் கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம். பன்றிக் கொழுப்பு இல்லாததால் மலாய்க்காரரும் வந்து உட்கார்ந்தார். இதைப் பண்பாட்டுக் கலப்பு என்று சிலாகிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தின்று முடித்தவர்கள் வைத்த பெயர். எந்தச் சரக்கு பக்கத்துச் சந்தையில் மலிவு, யார் யார் காசு கொடுப்பார்கள் என்பதுதான் சட்டிக்கு முன்னால் நின்றவரின் பிரச்னை. (செண்டோலைப் புராதனம் என்பவர்கள், அதன்மேல் சீவிக் கொட்டும் ஐஸ் எந்த யந்திரத்திலிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை.)

என் பள்ளி நாட்களில் சந்தைக்கருகே ஒட்டுக்கடை போட்டிருந்தவரை நான் மாமா என்பேன். மலாய், சீனப் பையன்களுக்கு அவர் மாமாக். நம் மாமாதான் அப்படித் திரிந்தது என்பது பொதுவான விளக்கம். மலாயிலும் தாய்மாமனுக்கு அந்தச் சொல் உண்டு. எப்படியானாலும் உறவுமுறை தொழிற்பெயராயிற்று. பிறகு ஒரு சமூகத்தின் பெயராயிற்று. சில வாய்களில் வசையும் ஆயிற்று. அவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. மாமா என்று கூப்பிட்டால், "வாங்க தம்பி, அத்தா சொகமா?" என்பார். மாமாக் என்றால் நிமிராமல், "சத்து? டுவா?" என்று தட்டுக் கணக்கு மட்டும் கேட்பார்.

போர்ட் வெல்டுக்கு இப்போது ரயில் இல்லை. ஊரே கோலா செபெத்தாங் ஆகிவிட்டது. பழைய ஸ்டேஷன் பலகை மட்டும் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளில் நிற்கிறது. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் மாமாவிடம், கடைக்குத் தமிழில் ஒரு பலகை எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"தமிழ் படிக்கிறவங்க பூரா கடனுக்குத்தானே சாப்பிடுறீங்க? அவங்களுக்கு நோட்டு போதும்" என்றார்.

கடன் நோட்டு தமிழில்தான் இருந்தது. தேதி, பெயர், எத்தனை தட்டு. சில பெயர்களுக்குப் பதில் 'தண்டவாளம்', 'ஆஸ்பத்திரி', 'நெட்டை' என்று அடையாளங்கள். அடித்த வரிகளைவிட அடிக்காதவை அதிகம். அவர் காலமான பிறகு மகனிடம் போய் நோட்டைக் கேட்டேன். கடன் தீர்க்க வந்திருப்பதாக நினைத்து, "பரவாயில்லை அண்ணே, அதெல்லாம் அடுப்பு மூட்டப் போயிருக்கும்" என்றான்.

என் பாக்கி மூன்று தட்டு.