ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி?



நம் கூட்டமைப்பு மலருக்கு எங்கள் குழுவின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். சேமிப்பு, சுழல் நிதி, கடன் என்று எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி வரலாறுதான். அதனால் எங்கள் பின்னல் தொழிலில் இருக்கிற ஒரு கணக்கின் வரலாற்றை எழுதுகிறேன். அந்தக் கணக்கு தெரியாமல் போனதால் எங்கள் குழு ஒரு தடவை உடையப் பார்த்தது.

நாங்கள் நீலகிரியில் ஸ்வெட்டர் பின்னும் பத்துப் பேர். சில வருஷம் முன்னால் ஒரு பள்ளியிலிருந்து 40 ஸ்வெட்டருக்கு ஆர்டர் வந்தது. எல்லாம் 36 அங்குலச் சுற்று. கடன் எடுத்து உல்லன் வாங்கினோம். எல்லாருக்கும் ஒரே நூல், ஒரே 8 நம்பர் ஊசி. எங்கள் ஊக்குநர் தன் கையால் ஒன்று பின்னிப் பார்த்து, "முன்பக்கம் 99, பின்பக்கம் 99, மொத்தம் 198 கண்ணி ஏத்துங்க" என்றார். அப்படியே ஏற்றினோம்.

கொண்டுபோய்க் கொடுத்தால் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. சிலது 33 அங்குலம்தான் இருந்தது, சிலது 40க்குப் பக்கத்தில் இருந்தது. குழுவிலேயே மூத்த அக்கா பின்னியதுதான் ரொம்பப் பெரிசு. "நீங்க சரியா எண்ணலை" என்று முதலில் சொன்னவள் நான்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஸ்வெட்டரை மடியில் போட்டு எல்லார் முன்னாலும் எண்ணிக் காட்டினார். 99, 99. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை.

எங்கே தப்பு என்று தேடிப் படித்தபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது.

கையால் பின்னுவது ரொம்பப் பழைய தொழில். எகிப்தில் பல நூறு வருஷத்துக்கு முந்தைய பின்னல் காலுறைகள் கிடைத்திருக்கின்றன. வெகு காலம் கண்ணிக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. பிரிட்டன் கடற்கரையில் மீனவர் வீட்டுப் பெண்கள் தங்கள் ஆண்களுக்கான கம்பளிச் சட்டையை மனக்கணக்கிலேயே பின்னினார்கள். தன் நூல், தன் ஊசி, தன் கை, போடப்போகிற ஆளும் கண் முன்னால். எழுத வேண்டிய தேவையே இல்லை.

1589ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரம் செய்தார். கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகளின் வயிற்றில் அடிக்குமே என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வார்கள். அவருடைய முதல் இயந்திரத்தில் அங்குலத்துக்கு 8 ஊசி. பிறகு பட்டுக் காலுறைக்காக அதை 20 ஊசி ஆக்கினார். இன்று திருப்பூர் பனியன் கம்பெனியில் "24 கேஜ் மெஷின்" என்கிறார்களே, அதுவும் அங்குலத்துக்கு 24 ஊசி என்ற இதே கணக்குதான். இயந்திரத்தில் ஊசியின் இடம் இரும்பிலேயே நிலையாக இருக்கிறது. யார் ஓட்டினாலும் அங்குலத்துக்கு 24 ஊசிதான்.

கைப்பின்னலுக்கு எழுத்துக் கணக்கு பரவியது 19ஆம் நூற்றாண்டில். எடின்பரோவில் உல்லன் கடை நடத்திய ஜேன் காகெய்ன் என்ற பெண்மணி 1840ல் பின்னல் குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டார். அதே காலத்தில் பிரான்சஸ் லாம்பர்ட் என்பவர் ஊசியின் தடிமனை அளக்க ஓட்டைகள் போட்ட தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். நம்ம ஊர்க் கடையில் கேட்கிற 8, 10, 12 நம்பர் எல்லாம் அந்த பிரிட்டிஷ் முறைதான். கம்பி இழுக்கும் தொழிலில் இருந்து வந்த முறை என்பதால் நம்பர் கூடினால் ஊசி மெல்லிசு. 8 நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 8 நம்பர் 5 மில்லிமீட்டர்! வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசியை அளக்கலாம், நூலை அளக்கலாம். கையை? எங்கள் தப்பு அங்கேதான். ஒருத்தர் நூலை இறுக்கிப் பிடிப்பார், ஒருத்தர் தளர்த்தி விடுவார். அதனால்தான் ஒவ்வொருவரும் முதலில் மாதிரித் துண்டு போட வேண்டும். 6 அங்குல அகலத்துக்குப் பின்னி, நனைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் 4 அங்குலத்தை மட்டும் எண்ண வேண்டும்.

நாங்கள் எண்ணினோம். ஊக்குநருக்கு 22, அதாவது அங்குலத்துக்கு ஐந்தரை. 198ஐ ஐந்தரையால் வகுத்தால் சரியாக 36. மூத்த அக்காவுக்கு 20, அங்குலத்துக்கு 5. 198ஐ 5ஆல் வகுத்தால் 39.6. எனக்கு 24, அங்குலத்துக்கு 6. வகுத்தால் 33. அக்கா ஒரு கண்ணிகூடத் தப்பாக எண்ணவில்லை. 33 அங்குல ஸ்வெட்டர்களில் என்னுடையதும் இருந்தது.

36ஐ அவரவர் கணக்கால் பெருக்கினோம். அவர் 180 ஏற்ற வேண்டும், ஊக்குநர் 198, நான் 216. மூன்று பேர், மூன்று எண்ணிக்கை, ஒரே ஸ்வெட்டர்! கழுத்துக்கும் கைக்கும் கணக்கு வேண்டுமே? எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை அதற்கு ஒரு வழி சொன்னார். 1971ல் வந்த அவருடைய புத்தகம் உலகெங்கும் பேர்போனது. உடம்புச் சுற்றின் கண்ணியை நூறு என்று வைத்துக்கொண்டால் கழுத்துக்கு 40, மணிக்கட்டுக்கு 20. அக்காவின் 180க்கு கழுத்து 72, மணிக்கட்டு 36.

நானே அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஊசி ஒண்ணா இருந்தா கை ஒண்ணாகுமா புள்ள?" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். திரும்பி வந்ததை எல்லாம் பிரித்துப் பின்னிக் கொடுத்தோம். அந்தக் கூலி எங்களுக்கு நஷ்டம்தான். கடன் தவணையை மட்டும் தவறவிடவில்லை.

இன்று எங்கள் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பேர் பெயரும், பக்கத்தில் அவரவர் கண்ணிக் கணக்கும் இருக்கிறது. புது நூல் வந்தால் புதுக் கணக்கு எழுதுவோம். சேமிப்பில் எல்லாரும் ஒரே தொகை போடுகிறோம், அது சரி. வேலையில் அவரவர் கையை அறிந்து கணக்குப் போட்டால்தான் பத்துப் பேர் பின்னியதும் ஒரே அளவில் வரும்.