சீனக்காரமும் புலித் தைலமும்

க்ஷவரக் கத்தி பட்டு இரத்தம் கசியும் இடத்தில் நாவிதர் நனைத்துத் தேய்க்கும் படிகாரத்துக்குச் சீனக்காரம் என்றும் தமிழில் ஒரு பெயர் உண்டு. வெள்ளாறு கடலோடு கலக்கும் பறங்கிப்பேட்டையைப் போலவே, போர்த்துகேசியரை நினைவூட்டும் பெயரைத் தாங்கிய பறங்கிப்பட்டையும் சீன தேசத்துச் சரக்கே. கார்சியா த ஓர்த்தா என்னும் வைத்தியர் 1563-இல் கோவாவில் அச்சிட்ட நூலில் இதனை விவரித்திருக்கிறார். பட்டை என்கிறோமேயன்றி அது பட்டையுமன்று, கிழங்கு!

அடிபட்ட உடம்புக்குச் சீனர் செய்யும் சிகிச்சைக்கு 'தியெ தா' என்று பெயர். விழுவதும் அடிபடுவதும் என்பது அதன் பொருள். மல்வித்தை கற்பிக்கும் குருவே பிசகிய மூட்டைத் திருத்தி, மூலிகைகளை அரைத்துப் பற்றிடுவதும், மதுவில் ஊறிய மருந்தால் வீக்கத்தை நீவிவிடுவதும் அங்கே வழக்கமாதலால், சிலம்பமும் வர்மமும் ஒருங்கே அறிந்த நம் ஆசான்களைக் கண்டவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. வீக்கமும் வலியும் தணிய அவர்கள் சேர்க்கும் சரக்குகளுள் முக்கியமானவை குந்துருக்கமும் வெள்ளைப்போளமும். இவ்விரு பிசின்களும் சீனத்தில் விளைபவையல்ல, மேலைக் கடல்களைக் கடந்து சென்றவை. இராஜராஜ சோழன் அனுப்பிய தூதுவர் 1015-இல் சோங் சக்கரவர்த்தியின் சபையை அடைந்தபோது சமர்ப்பித்த காணிக்கையில் முத்துக்களோடும் 60 யானைத் தந்தங்களோடும் கட்டி என்னும் சீன எடையளவில் 60 கட்டி குந்துருக்கமும் இருந்ததாகச் சீன வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அதே நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அங்கே சல்லியக்கிரியை பண்ணுவான் ஒருவனையும், சேமித்து வைத்த தைலங்களையும் கூறுகின்றது. ஆகவே மருந்து அங்கிருந்து இங்கு வந்ததென்று மட்டும் கொள்வது பாதிக் கதையேயாகும்.

மறு பாதி பிற்காலத்தது. அதற்கு அண்ணாமலை நகரோடும் ஒரு மெல்லிய உறவு உண்டு. 1929-இல் அந்நகரில் சர்வகலாசாலையை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் குலத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும்பொருள் ஈட்டிய அக்காலத்தில், அந்நாட்டு இரங்கூன் நகரிலேயே ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் புதல்வர் ஆவ் பூன் ஹாவ் அக்கடையின் களிம்புக்குப் புலியின் பெயரை இட்டு, 1926-இல் சிங்கப்பூருக்கு வியாபாரத்தைக் கொண்டு சென்றார். கற்பூரமும் கிராம்பெண்ணெயும் கலந்த அந்தக் களிம்பு மூலிகை விழுதைப் போலன்றி ஆண்டுக்கணக்கில் கெடாது, மடியிலும் அடங்கும். 1928-இல் அதே ஊரில் கோடாலித் தைலமும் தோன்றியது. கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்கள் ஊர் திரும்புகையில் புடைவைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இடையே பெட்டியில் இவற்றைச் செருகி வந்தனர். சுளுக்கிய காலுக்குப் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றிடும் பாட்டி, புட்டியை முகர்ந்து பார்த்து, "இது நம்ம கற்பூரந்தானே!" என்றால் அதில் பிழையொன்றுமில்லை.