கதிர்களிலிருந்து உருவத்துக்கு: ஒளிப்புலப் படக்கருவியின் மூன்று மரபுகள்

ஒளிப்புலப் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி உருவாக்குவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தால், முன்னாய்வுப் பகுதியில் பெரும்பாலும் ஒரே வரலாறுதான் இருக்கும். 1908இல் லிப்மன் கருத்தைச் சொன்னார். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் அது கையடக்கக் கருவியாயிற்று. 2012இல் லைட்ரோ கடைக்கு வந்தது. 2018இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் இது கருவியின் வரலாறு மட்டுமே. அக்கருவியை நோக்கி உழைத்தவர்களில் முக்கியமான சிலர் முப்பரிமாண மாதிரியைத் தம் இலக்காகவே கொள்ளவில்லை என்பதை இவ்வரலாறு மறைத்துவிடுகிறது. மாதிரி வேறொரு மரபிலிருந்து வந்து சேர்ந்தது. இந்தக் கருவியால் எதை அளக்க முடியும், எதை அளக்க முடியாது என்பதற்கான விடையும் அந்த மரபில்தான் இருக்கிறது.

முதலில் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சாதாரணப் படக்கருவியில் ஒரு படப்புள்ளியை வந்தடையும் கதிர்கள் வில்லையின் பல பகுதிகள் வழியே பல திசைகளிலிருந்து வருகின்றன. உணரி அவற்றை எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகப் பதிகிறது. கூட்டுத்தொகை கிடைக்கிறது; எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வந்தது என்ற கணக்கு அழிந்துபோகிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பதிவதே ஒளிப்புலப் பதிவு.

முதல் மரபு, கண்ணுக்கு மெய்த்தோற்றம் காட்ட விரும்பியவர்களுடையது. காப்ரியேல் லிப்மன் 1908 மார்ச்சில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் தம் திட்டத்தை முன்வைத்தார். ஒளிப்படத் தகட்டின் முன் ஈயின் கூட்டுக்கண் போலச் சிறு வில்லைகளை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு வில்லையும் காட்சியைத் தன் இடத்திலிருந்து பார்த்துத் தனிச் சிறுபடம் வரையும். அதே வில்லைகள் வழியாகப் பார்ப்பவருக்குத் தலையை அசைக்கும்போதெல்லாம் காட்சி மாறும். வண்ண ஒளிப்பட முறைக்காக அவர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். அம்முறையில் ஒரு சிக்கல் இருந்தது. ஆழம் தலைகீழாகத் தெரிந்தது. முன்னே இருப்பது பின்னேயும், குவிந்தது குழிந்தும் தோன்றின. எடுத்த படத்தையே மீண்டும் ஒருமுறை படமெடுத்துத் தலைகீழை நேராக்கும் வழியை 1931இல் ஹெர்பர்ட் ஐவ்ஸ் விளக்கினார். இவர்கள் யாருக்கும் பொருளின் ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்லும் நோக்கம் இல்லை. அளவை வேலையைப் பார்ப்பவரின் இரு கண்களிடமே விட்டுவிட்டார்கள்.

'ஒளிப்புலம்' என்ற சொல் இவ்வழியில் வந்ததன்று. ஒளியை ஒரு புலமாகக் கருதலாம் என்று 1846இலேயே ஃபாரடே கோடி காட்டியிருந்தார். 1936இல் சோவியத் இயற்பியலர் கெர்ஷுன், வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு திசையிலும் பாயும் ஒளியின் அளவைக் கணிதமாக்கி அப்பெயரை இட்டார். 1991இல் ஏடல்சனும் பெர்கனும் அதையே பார்வை அறிவியலுக்குள் கொண்டுவந்து ஏழு மாறிகள் கொண்ட சார்பாக எழுதினர்: இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு, அலைநீளம், காலம். கடைசி இரண்டையும் விலக்கினால் ஐந்து. தடையற்ற வெளியில் ஒரு கதிரின் ஒளிர்வு வழிநெடுக மாறாது என்பதால் இன்னொன்றும் குறைந்து நான்காகும்.

இரண்டாவது மரபுதான் நம் பொருளுக்கு உரியது. அளக்க விரும்பியவர்களின் மரபு. கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் போல்ஸ், பேக்கர், மாரிமான்ட் மூவரும் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் நுண்வில்லை ஏதுமில்லை. ஒரு படக்கருவியை நேர்கோட்டில் சிறிது சிறிதாக நகர்த்தி நெருக்கமாகப் படங்கள் எடுத்தனர். அவற்றை ஒரு சீட்டுக்கட்டுப் போல அடுக்கிக் கிடையாக வெட்டினால், வெட்டுமுகத்தில் காட்சியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நேர்கோடாகத் தெரிகிறது. அருகிலுள்ள புள்ளி படத்துக்குப் படம் அதிகம் நகரும். தொலைவிலுள்ளது குறைவாக நகரும். ஆகவே கோட்டின் சாய்வே ஆழம். ஒரு கோடு இன்னொன்றை வெட்டி மறைத்தால் முன்னது எது, பின்னது எது என்பதும் தெரிந்துவிடும். ஒளிப்புலத்திலிருந்து உருவம் பெறும் பிற்கால முறைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கவனிப்பின் விரிவே.

1992இல் ஏடல்சனும் வாங்கும் இதை ஒரே வில்லைக்குள் கொண்டுவந்தனர். உணரியின் முன் சிறுவில்லை அணியை வைத்தால், முதன்மை வில்லையின் இடப்பகுதி வழியாகவும் வலப்பகுதி வழியாகவும் வந்த காட்சிகளைத் தனித்தனியே பிரிக்கலாம். இவற்றுக்கு இடையிலான சிறு இடப்பெயர்ச்சியிலிருந்து ஆழத்தைக் கணிக்கலாம். தோற்றத்தைக் காட்டுவதற்கு அன்றி உருவத்தை அளப்பதற்கே அமைந்த ஒளிப்புலக் கருவி இது. லைட்ரோவுக்கு இருபது ஆண்டுகள் முந்தையது.

மூன்றாவது மரபு கணினி வரைகலையினுடையது. அது உருவத்தை வேண்டாம் என்றே தொடங்கியது. 1996இல் லெவாயும் ஹான்ரஹனும் முன்வைத்த வாதம் துணிச்சலானது: கதிர்களைப் போதிய அளவு சேமித்துவிட்டால் ஆழமோ வடிவமோ தெரியாமலே புதிய கோணக் காட்சிகளை உருவாக்கலாம். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'லூமிகிராஃப்' இதற்கு ஒரு திருத்தம் சொன்னது: தோராயமான வடிவம் தெரிந்திருந்தாலே குறைந்த படங்களில் நல்ல காட்சி கிடைக்கும். 2000இல் சாய், டாங், சான், ஷும் நால்வரும் இந்தப் பரிமாற்றத்துக்குக் கணித வடிவம் தந்தனர்: ஆழத்தைப் பற்றிய அறிவு கூடக்கூடத் தேவைப்படும் படங்களின் எண்ணிக்கை குறையும்.

இவ்விரு நிலைப்பாடுகளும் எதிரெதிரே நின்ற இடம் ஃபிளாரன்ஸ். 1998-99இல் மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களைப் பதிய லெவாயின் குழு அங்கே சென்றது. தாவீது சிலையை லேசர் கொண்டு வருடி ஏறத்தாழ 200 கோடிப் பல்கோணங்கள் கொண்ட மாதிரியாக்கியது. மெடிச்சி வழிபாட்டுக் கூடத்தின் 'இரவு' சிலையையோ 24,304 படங்கள் கொண்ட ஒளிப்புலமாகவும் பதிந்தது. முதலாவதில் தூரத்தை அளக்கலாம், வெட்டுமுகம் பார்க்கலாம். ஆனால் பளிங்கின் உள்ளே புகுந்து சிதறி வெளிவரும் ஒளியின் மென்மை பல்கோணங்களில் தங்குவதில்லை. இரண்டாவதில் அம்மென்மை தங்குகிறது. ஆனால் சிலையின் தோளகலம் என்ன என்று கேட்டால் அது நேராக விடை சொல்வதில்லை.

2005இல் ரென் இங்கும் ஸ்டான்ஃபோர்டுச் சகாக்களும் செய்த கையடக்கக் கருவி, மூன்றாவது மரபின் கையில் முதல் மரபின் வில்லை அணி சேர்ந்ததன் விளைவு. சுமார் 1 கோடியே 60 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட உணரியின் முன் 296க்கு 296 என நுண்வில்லைகள். எடுத்த பின் குவியத்தை மாற்றலாம் என்பதே அதன் பெருமை. விலையும் கடுமை: ஒவ்வொரு நுண்வில்லையின் கீழும் ஏறத்தாழ 14க்கு 14 படப்புள்ளிகள் திசைக்கணக்குக்குப் போய்விட, இறுதிப் படம் பக்கத்துக்கு 300 புள்ளியைத் தொடவில்லை. லைட்ரோ இதே பேரத்தைக் கடைக்குக் கொண்டுபோனது. மக்கள் கூர்மையான படத்தைக் கேட்டார்கள். குவியத்தை மாற்றும் வசதி அதற்கு ஈடாகவில்லை.

ஆனால் கடையில் தோற்ற கருவியை ஆய்வகம் எடுத்துக்கொண்டது. 2012இல் ஹைடெல்பெர்க்கில் வானரும் கோல்ட்லூக்கேயும் வெட்டுமுகக் கோடுகளின் சாய்வை ஒளிப்புலம் முழுவதற்கும் முரணின்றிக் கணிக்கும் முறையைத் தந்தனர். 2013இல் சிட்னியில் டான்செரோ குழுவினர், லைட்ரோ போன்ற கருவிகளின் கச்சாப் பதிவைப் பிரித்தெடுத்து அளவுத்திருத்தம் செய்யும் வழியைத் திறந்துவைத்தனர். இன்றும் பாதை அதுவே: ஒவ்வொரு நுண்வில்லையின் மையத்தையும் கண்டறிதல், நான்கு மாறிகளாகப் பிரித்தல், சாய்விலிருந்து ஆழ வரைபடம் பெறுதல், அளவுத்திருத்தத்தால் அதை உண்மை அலகுக்கு மாற்றுதல், பல பதிவுகளின் புள்ளித் திரள்களைப் பொருத்திப் பரப்பாக்குதல்.

இப்பாதையின் எல்லையை ஏடல்சன்–வாங் கருவியின் வடிவவியலே சொல்லிவிடுகிறது. ஒற்றை வில்லையில் இரு 'கண்களுக்கு' இடையிலான தூரம் அவ்வில்லையின் துளை விட்டத்தைத் தாண்டாது, சில சென்டிமீட்டர்தான். ஆழப் பிழையோ தொலைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஆகவே சிறு பொருளை அருகிலிருந்து பதியும்போது இது நல்ல அளவுகோல். கோபுரத்தைப் பதியும்போது அன்று. ஜெர்மனியின் ரேட்ரிக்ஸ் நிறுவனம் தன் ஒளிப்புலக் கருவிகளைத் தொழிற்சாலைப் பரிசோதனைக்கும் அறிவியல் அளவீட்டுக்கும் கொண்டுசென்றதில் வியப்பில்லை.

2020இல் வந்த நெர்ஃப் இப்பழைய வழக்கைப் புதிய வடிவில் மீண்டும் திறந்தது. இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு என அதே ஐந்து மாறிகள்; விடையாக நிறமும் அடர்த்தியும். நிறம் கதிரைச் சார்ந்தது, அடர்த்தி உருவத்தைச் சார்ந்தது. 1996இல் பிரிந்து நின்ற இரண்டும் ஒரே சார்பில் அமர்ந்திருக்கின்றன. அதிலிருந்து தூய பரப்பைப் பிரித்தெடுப்பது இன்றும் தனி ஆய்வாகத் தொடர்கிறது. வழக்கு முடியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இத்துறைக்கு வரும் மாணவர்கள் எந்த நரம்பு வலையமைப்பைத் தேர்வது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் சேகரித்த கதிர்கள் எவ்வளவு அகலமான இடைவெளியிலிருந்து வந்தவை? உருவத்தைப் பற்றி அக்கதிர்களுக்கே தெரியாத ஒன்றை எந்த வலையமைப்பும் அளந்து சொல்வதில்லை, ஊகித்துத்தான் சொல்கிறது. அளவுக்கும் ஊகத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் காட்டித் தருவதால்தான் 1987ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் படிக்கத் தக்கதாக இருக்கிறது.