மெலிந்த உடல் ஆரோக்கியத்தின் அடையாளமா? கல்லூரி மாணவர்களுக்கு மைசூரு ஆய்வு உணர்த்தும் உண்மை

மைசூரு: உடல் எடை கூடாத வரை உடல்நலம் குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் மாணவப் பருவத்தில் இயல்பானது. இரவு கண்விழித்துப் படிப்பதும், காலை உணவைத் தவிர்ப்பதும், நாள் முழுவதும் அமர்ந்தே இருப்பதும் அந்த வயதில் உடனடித் தொல்லை எதையும் தருவதில்லை. ஆனால், மைசூருவில் நீண்டகாலமாக நடைபெற்றுவரும் மருத்துவ ஆய்வுகள், தென்னிந்தியர்களைப் பொறுத்தவரை எடையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது என்பதைக் காட்டியுள்ளன.

பிறப்பிலேயே தொடங்கும் கொழுப்பு

மைசூருவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை, 1934ஆம் ஆண்டு முதலே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைப் பதிவு செய்து பாதுகாத்து வந்தது. 1934 முதல் 1954 வரை அங்கு பிறந்த 517 பேரைப் பரிசோதித்த ஆய்வின் முடிவுகள் 1996இல் வெளியாயின. குறைந்த எடையுடன் பிறந்தவர்களிடையே, பிற்காலத்தில் இதயத் தமனி நோய் அதிகமாக இருந்ததை அந்த ஆய்வு கண்டறிந்தது.

இதன் தொடர்ச்சியாக 1997-98ஆம் ஆண்டுகளில் 830 கர்ப்பிணிகளைச் சேர்த்து 'மைசூரு பார்த்தினான்' ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். பிரிட்டனில் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளைவிட இக்குழந்தைகள் எல்லா அளவுகளிலும் சிறியவர்களாக இருந்தனர். எனினும், முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே அளக்கப்படும் தோலடிக் கொழுப்பில் மட்டும் அந்த வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது. நான்கு வயதில் அந்தக் கொழுப்பு பிரிட்டன் குழந்தைகளைவிட அதிகமாகவே காணப்பட்டது.

தோற்றத்தில் மெலிவு, தசை குறைவு, உடலுக்குள் கொழுப்பு மிகுதி என்ற இந்த அமைப்பே இந்தியர்களுக்கு இளவயதிலும் குறைந்த எடையிலும் நீரிழிவு வருவதற்கான காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. இதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 25 அல்ல, 23ஐத் தொட்டாலே அதிக எடை எனக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் கவனம் தேவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும், 13.6 கோடி பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் உள்ளன. பிறப்பால் அமைந்த உடல்வாகை மாற்ற இயலாது. உறக்கம், உணவு, உடல் உழைப்பு ஆகிய மூன்றையும் மாற்ற இயலும். பெற்றோரின் மேற்பார்வையிலிருந்து விலகி, இவற்றைத் தாமே தீர்மானிக்கத் தொடங்கும் காலம் கல்லூரிப் பருவமே.

உறக்கம்

18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு நாள்தோறும் 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. உறக்கக் குறைவு சோர்வை மட்டுமே தருவதில்லை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்கள் தொடர்ந்து 6 இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டனர். அந்தக் குறுகிய காலத்திலேயே, ரத்தத்தில் சேரும் சர்க்கரையைக் கையாளும் அவர்களது உடலின் திறன் கணிசமாகக் குறைந்தது. தேர்வுக்கால வாரம் ஒன்றில் மாணவர்கள் உறங்கும் நேரமும் ஏறத்தாழ இதே அளவுக்குச் சுருங்கிவிடக்கூடும்.

பதின்பருவத்தின் இறுதியில் உடலின் உட்கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. எனவே இரவில் தாமதமாகத் தூக்கம் வருவது முழுவதும் சோம்பலின் விளைவு அல்ல. ஆனால் கைபேசியின் ஒளியும் இரவு நேரக் காபியும் இந்தத் தாமதத்தை மேலும் நீட்டிக்கின்றன. அருந்திய காபியில் உள்ள காஃபினில் பாதியளவு வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக்குப் பிறகு அதைத் தவிர்ப்பது நல்லது. விடுமுறை நாள்களிலும் ஒரே நேரத்தில் எழுவது உட்கடிகாரத்தைச் சீராக்க உதவும்.

உணவு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 2,000 கிலோ கலோரி கொண்ட ஒரு நாள் உணவில் 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகைகள், 400 கிராம் காய்கறிகள், 100 கிராம் பழங்கள் இடம்பெற வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றன. அதாவது தானியத்தைவிடக் காய்கறியின் அளவே அதிகம். சோறு நிறைந்து, காய்கறி ஓரத்தில் சிறிதளவு மட்டும் இருக்கும் தட்டு இதற்கு நேர்மாறானது.

மைசூருப் பகுதியின் அன்றாட உணவான கேழ்வரகுக் களி, நார்ச்சத்து நிறைந்தது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. பருப்பும் கீரையும் சேர்ந்த குழம்புடன் உண்ணும்போது இது நிறைவான உணவாகிறது. உயர்கல்வி நிறுவன வளாகங்களில் நொறுக்குத் தீனி விற்பனையைத் தடை செய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவுறுத்தியது குறிப்பிடத்தக்கது. விடுதிச் சமையலறையில் எது சமைக்கப்படுகிறது, எந்த நேரம் வரை பரிமாறப்படுகிறது என்பதும் மாணவர்களின் தேர்வைத் தீர்மானிக்கிறது. எனவே இது மாணவர்களின் பொறுப்பு மட்டுமல்ல, நிர்வாகத்தின் பொறுப்பும் ஆகும்.

உடற்பயிற்சி

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, அத்துடன் குறைந்தது 2 நாள்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பதே 18 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2022இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்களைவிடப் பெண்களிடையே இந்தக் குறைபாடு அதிகம்.

உணவிலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குபவை தசைகளே. தசை குறைந்த உடல்வாகு கொண்டவர்களுக்கு, எடை குறைக்க வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் உடற்பயிற்சி அவசியமாவது இதனால்தான்.

இதற்கான வாய்ப்புகளில் மைசூருவுக்குக் குறைவில்லை. 1916இல் தொடங்கப்பட்ட மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டிக் குக்கரஹள்ளி ஏரியின் நடைபாதை அமைந்துள்ளது. சாமுண்டி மலைக்குச் செல்லச் சுமார் 1,000 படிகள் உள்ளன. 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் டி. கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தொடங்கிய காலம் முதல், யோகப் பயிற்சிக்கும் இந்நகரம் பெயர்பெற்றது. வகுப்புக்கு நடந்து செல்வது, உணவுக்குப் பின் 10 நிமிடம் நடப்பது போன்ற எளிய வழிகளும் பயன் தரும்.

எப்போது பரிசோதனை தேவை?

பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ, தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்திருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு மேற்கண்ட வரம்பை எட்டினாலோ மாணவப் பருவத்திலேயே மருத்துவரை அணுகி ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது. வெறும் வயிற்றில் 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபரிசோதனை மூலம் நீரிழிவு உறுதி செய்யப்படும். நீரிழிவுக்கு முந்தைய நிலையிலேயே கண்டறியப்பட்டால், வாழ்க்கைமுறை மாற்றத்தின் மூலம் நோயைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ வாய்ப்பு உண்டு.